நாற்பத்தொன்று தாமதமான காரணம்

மருமகள் ஒரு வாய் சாப்பிடுவதும் ஒரு ஆளைத் திட்டுவதுமாக இருந்தாள்.

"இந்த நாப்பத்தொண்ணு இருக்கே, இது படிக்க வந்துச்சா, என் உயிர வாங்க வந்துச்சான்னே தெரியல. இன்னிக்கு என்ன கேட்டிருக்கு தெரியுமா? ஒன்பதாம் பக்கத்துல 'ஒரு நாள் தாமதம்'னு போட்டிருக்கீங்களே, அது ராத்திரி பன்னெண்டு மணியோட முடியுற நாளா, இல்ல இருபத்துநாலு மணி நேரமான்னு கேக்குது. வக்கீலுக்குப் படிக்க வேண்டியது வழி தவறி நம்மகிட்ட வந்துடுச்சு. கழுதை!"

"இன்னும் கொஞ்சம் காய் போட்டுக்கோம்மா," என்றார் மாமியார்.

அவர் முகத்தில் ஒரு சுருக்கம் கூட விழவில்லை. மருத்துவமனை வரவேற்பு மேசையில் காலம் தள்ளியவர் அவர். அழுகிறவர், அடிக்க வருகிறவர், பில்லைப் பார்த்து மயங்கி விழுகிறவர் எல்லாருக்கும் ஒரே முகத்தைக் காட்டியே ஓய்வு பெற்றவர். அந்த முகம்தான் இப்போது மானத்தைக் காப்பாற்றியது. ஏனென்றால் அந்த நாற்பத்தொன்று வேறு யாருமில்லை, அவரேதான்.

கதை இதுதான். கல்யாணத்துக்காகப் பட்டப் படிப்பைப் பாதியில் விட்டவர், ஓய்வு பெற்ற மறுமாதமே தொலைதூரக் கல்வியில் சேர்ந்துவிட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை. பாஸானால் சொல்லிக்கொள்ளலாம், ஃபெயிலானால் யாருக்கும் தெரியவேண்டாம் என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு பாடமாக முடித்து, இப்போது பாக்கி ஒன்றே ஒன்று, குடும்ப உளவியல். அதை இந்தப் பருவத்துக்குள் முடிக்காவிட்டால் முன்பு பாஸ் செய்ததெல்லாம் காலாவதி. பல்கலைக்கழகத்தின் விதி அப்படி. கெட்டுப்போன பாலைக் கொட்டுவதுபோல எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள்.

பணம் கட்டிச் சேர்ந்த பிறகுதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. பாடம் எடுக்க வேண்டிய பேராசிரியர் வேறு வேலைக்கு ஓடிப்போக, அந்த இடத்தில் மருமகளைப் போட்டுவிட்டார்கள். வீட்டிலிருந்தே வேலை. முன்னறையில் உட்கார்ந்து அவள் பாடத்தைப் பதிவு செய்வாள். பக்கத்து அறையில் காதில் மாட்டிக்கொண்டு இவர் கேட்பார். சீரியல் பார்ப்பதாக வீட்டில் பேச்சு. மருமகள் பேச்சைக் காசு கட்டிக் கேட்ட மாமியார் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். அதில் ஒரு வசதியும் இருந்தது. பேச்சு நீண்டால் வேகத்தைக் கூட்டலாம், ரொம்பப் பேசினால் நிறுத்தியே வைக்கலாம். கொடுத்துவைத்த மாமியார்!

ஆசிரியருக்கு உறவினர் அந்த வகுப்பில் இருக்கக் கூடாது என்று விதி உண்டு. வெளியே சொன்னால் வகுப்பை விட்டு எடுத்துவிடுவார்கள். இந்தப் பாடத்துக்கு இந்தப் பருவத்தில் வேறு வகுப்பும் கிடையாது. மாணவர்களின் பெயரோ முகமோ ஆசிரியருக்குத் தெரியாது, வெறும் எண்தான் தெரியும். அந்தத் தைரியத்தில் மாமியார் வாயை மூடிக்கொண்டார்.

மூடிக்கொண்டது வீட்டில்தான். வகுப்பின் கேள்விப் பக்கத்தில் அவர் வாய் வங்காள விரிகுடா மாதிரி திறந்தே கிடந்தது. மதிப்பெண் விதிகள் என்று மருமகள் பதினான்கு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தாள். வகுப்பில் ஒருவரும் படிக்கவில்லை, இவர் மட்டும் மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒரு நாள் தாமதமானால் பத்து மதிப்பெண் வெட்டு. மூன்று நாள் போனால் முட்டை. வீட்டில் மருத்துவ அவசரம் என்றால் மட்டும் விலக்கு, அதற்கும் வயது வந்த ஒருவர் காரணத்தைத் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த விலக்கை இதுவரை ஒரு ஈ காக்காய்க்குக் கூடக் கொடுத்ததில்லை என்பதில் மருமகளுக்குத் தனிப் பெருமை.

இந்தப் பாடத்துக்குத் தேர்வு கிடையாது, ஒரு கட்டுரைதான் எல்லாம். வீட்டில் இருக்கும் ஒருவரைச் சில வாரம் கூர்ந்து கவனித்து, அவர் யார் என்று யாரும் கண்டுபிடிக்காதபடி 'அ' என்று மட்டும் குறிப்பிட்டு எழுத வேண்டும். பாஸாக ஐம்பது வேண்டும்.

வீட்டில் இருந்தது இரண்டே பேர். மகன் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் மேலும் கீழும் போய்வந்த அலுப்பில் வீட்டுக்கு வந்தால் அசையவே மாட்டான். அவனைக் கவனிப்பதும் சோபாவைக் கவனிப்பதும் ஒன்றுதான். ஆக, மிஞ்சியது மருமகள்.

எழுத உட்கார்ந்தாரே பார்க்கலாம், மடிக்கணினியில் விரல் என்னமாய் ஓடியது! மருமகள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நெஞ்சில் கிடந்ததெல்லாம் வரிசை கட்டி வந்தது. அடையாளம் தெரியாமல் இருக்க ஃபிரிட்ஜைப் புத்தக அலமாரி ஆக்கினார், ஆசிரியையை அலுவலக மேலாளர் ஆக்கினார். 'அ' அலமாரியில் தட்டுக்குத் தட்டு சீட்டு ஒட்டுவார். 'அ' எதற்கும் காரணம் கேட்பார், சொன்னால் ஏற்கமாட்டார். 'அ' வீட்டில் இருப்பவர்களை அலுவலகத்தில் இருப்பவர்களாக நினைக்கிறார். எழுதி அனுப்பிவிட்டு அன்று மாமியார் நிம்மதியாகத் தூங்கினார்.

சில நாள் கழித்து மருமகள் சாப்பாட்டு மேசைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அழுகை இல்லை, சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.

"அத்தை, வெளிய சொல்லக் கூடாது, ஆனா சொல்லாம இருந்தா எனக்கு வயிறு வெடிச்சிடும். அந்த நாப்பத்தொண்ணு வீட்ல 'அ'ன்னு ஒரு ஆள் இருக்கு. அலமாரி முழுக்க சீட்டு ஒட்டி வச்சிருக்காம்! வீடா, மருந்துக்கடையா?"

கேட்டுக்கொண்டே ஃபிரிட்ஜைத் திறந்து, 'பால் பொருட்கள் மட்டும்' என்று தன் கையெழுத்தில் ஒட்டியிருந்த தட்டிலிருந்து தயிரை எடுத்தாள்.

"இப்படி ஒரு ஆளோட எப்படித்தான் குடும்பம் நடத்துறாங்களோ!"

"என்ன பண்றது, சொந்தமாப் போயிடுச்சு. தள்ளிவிட முடியுமா?" என்றார் மாமியார். பிறகு, பட்டும் படாமலும், "மார்க் என்னம்மா போட்ட?"

"நாப்பத்தாறு."

"அய்யோ!"

"என்னாச்சு அத்தை?"

"மிளகாயக் கடிச்சுட்டேன். ஏன்மா நாலு மார்க்ல நிறுத்திட்ட? பாவம் இல்ல?"

"என்ன பாவம்? எழுதினவங்க தன்னப் பத்தி ஒரு குறை கூட எழுதல. அவங்க சொக்கத் தங்கமாம், 'அ' மட்டும் தகரமாம். ரெண்டு கை தட்டினாத்தான ஓசை வரும்? கவனிக்கிறவர் தன் பங்கையும் எழுதணும்னு பதினோராம் பக்கத்துல கல்லு மாதிரி எழுதி வச்சிருக்கேன். ஒரு தடவை திருத்தி அனுப்பலாம். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் டைம். அதுக்கு மேல கடவுளே வந்தாலும் பத்து வெட்டுதான்."

பதினோராம் பக்கம் மாமியார் நன்றாகப் படித்த பக்கம்தான். தன்னிடம் குறை இருந்தால்தானே எழுதுவதற்கு! ஆனால் நாலு மதிப்பெண் வேண்டுமே. இரண்டு நாள் யோசித்துப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாம் நாள் வெட்கத்தை விட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்டுவிட்டார்.

"எங்கிட்ட என்ன குறை இருக்கு? மனசுல இருக்குறத சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

மகன் தட்டைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கே போய்விட்டான். மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கு அத்தை திடீர்னு?"

"சீரியல்ல ஒரு மாமியார் கேட்டா. நானும் கேக்குறேன்."

"ஒண்ணும் இல்ல அத்தை, நீங்க நல்லாத்தான் இருக்கீங்க."

"சும்மா சொல்லு."

"ஒண்ணே ஒண்ணு சொல்லவா?"

ஒன்றுடன் நிற்குமா? அணை உடைந்தது.

"நான் கழுவி வச்ச பாத்திரத்த நீங்க திரும்ப எடுத்துக் கழுவுவீங்க. சத்தம் கேக்காதுன்னு உங்களுக்கு நினைப்பு. கோவம் வந்தா 'ஒண்ணுமில்ல'ம்பீங்க. அப்புறம் செடிக்குத் தண்ணி ஊத்தும்போது அதுகிட்ட எல்லாத்தையும் சொல்லுவீங்க. அந்தச் செடிக்கு என்னப் பத்தி என் அம்மாவ விட அதிகமாத் தெரியும். ஃபிரிட்ஜ்ல நான் ஒண்ண வச்சா, நான் திரும்புறதுக்குள்ள இடம் மாத்திடுவீங்க. தேடித் தேடி அலுத்துப்போய்த்தான் சீட்டு ஒட்டவே ஆரம்பிச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "கோவமா அத்தை?"

"ஒண்ணுமில்ல," என்றார் மாமியார்.

நேராகச் செடியிடம் போனார். தண்ணீர்க் குவளையைக் கையில் எடுத்தவர், வாயைத் திறந்துவிட்டு அப்படியே மூடிக்கொண்டார். எரிச்சலாக இருந்தது, அழுகையும் வந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று ஊர் சொல்வது அடுத்த வீட்டு மாமியாரை என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தார்!

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எழுத ஆரம்பித்தார். இந்தத் தடவை விரல் ஓடவில்லை, நொண்டியது. 'அ' சீட்டு ஒட்டியதற்குக் காரணம், கவனிப்பவர் பொருள்களை இடம் மாற்றியது. இந்த ஒரு வரியை எழுதவே அவருக்கு ஒரு முழுக் காலை பிடித்தது.

வெள்ளிக்கிழமை மதியம் கடைசிப் பத்திதான் பாக்கி. தேநீர் குடித்துவிட்டு முடித்து அனுப்பிவிடலாம் என்று அவர் எழுந்த நேரம், சமையலறையில் தடாலென்று ஒரு சத்தம். மேல் தட்டில் சீட்டு ஒட்ட ஸ்டூலில் ஏறிய மருமகள் தரையில் கிடந்தாள். கணுக்கால் பூரிபோல வீங்கிக்கொண்டிருந்தது. மகனுக்கு ஃபோன் அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே. எந்தக் கட்டடத்தின் எந்த லிஃப்ட் குழியில் நிற்கிறானோ! மாமியார் ஒரு டாக்சியைப் பிடித்து அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். கட்டுரை வீட்டில் மடிக்கணினியில் திறந்தபடியே கிடந்தது.

எலும்பு மருத்துவரின் வாசலில் திருவிழாக் கூட்டம். எக்ஸ்ரேவுக்கு ஒரு வரிசை, அதைக் காட்ட இன்னொரு வரிசை. மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு மாமியாரின் கையைப் பிடித்தவள் பிடித்தவள்தான். வலி ஏறும்போதெல்லாம் பிடியும் இறுகியது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"பாருங்க அத்தை, இன்னிக்குக் கடைசி நாள். அந்த நாப்பத்தொண்ணு இன்னும் அனுப்பல. ஆறு மணி தாண்டினதும் ஒரு கதை வரும் பாருங்க. வீட்ல யாருக்கோ கால் உடைஞ்சிடுச்சு, ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்னு. எல்லாருக்கும் கடைசி நாள் பாத்துத்தான் வீட்ல கால் உடையும்!"

"ஆமாம்மா," என்றார் மாமியார். "கரெக்டா அன்னிக்குத்தான் உடையும்."

சுவர்க் கடிகாரம் ஐந்தரையைத் தாண்டியது. இப்போது கிளம்பினால் கூட வீட்டுக்குப் போய் அனுப்பிவிடலாம். ஒரு தடவை கையை மெதுவாக உருவிப் பார்த்தார். மருமகள் கண்ணை மூடியபடியே இன்னும் இறுக்கிப் பிடித்தாள். மாமியார் அசையாமல் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் அத்தை கடிகாரத்தையே பாக்குறீங்க? சீரியல் போச்சா?"

"ஆமா. இன்னிக்குக் கடைசி எபிசோட்."

"அச்சச்சோ."

ஆறு மணி அடித்தபோது மருத்துவர் மருமகளின் பெயரைக் கூப்பிட்டார். நல்லவேளை, எலும்பு உடையவில்லை, சுளுக்குதான். கட்டுப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, படுக்கவைத்து, மாத்திரை கொடுத்துவிட்டு மாமியார் கடைசிப் பத்தியை எழுதி அனுப்பினார். ஒன்பதாம் பக்கத்தின்படி அது ஒரு நாள் தாமதம். அந்த ஒரு நாளுக்கு அர்த்தம் கேட்டு, ஒரு நிமிடம் தாண்டினாலும் ஒரு நாள்தான் என்று தெளிவு வாங்கி வைத்தவரும் அவரேதான். நுணலும் தன் வாயால் கெடும்.

திங்கட்கிழமை, சோபாவில் காலைத் தலையணை மேல் நீட்டிக்கொண்டு மருமகள் திருத்தினாள். மாமியார் எதிரே உட்கார்ந்து அதே துண்டை நாலாவது தடவையாக மடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, நம்ப மாட்டீங்க. நாப்பத்தொண்ணு பிரமாதமா எழுதியிருக்கு. படிக்கப் படிக்க எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துச்சு. பாத்திரம் கழுவுறது, செடிகிட்ட பேசுறது, அச்சு அசல் நீங்கதான்!"

மாமியார் துண்டை ஐந்தாவது தடவையாக மடித்தார். "எல்லா வீட்லயும் அதே கதைதான்மா."

"ஆனா பாவம், அவங்களுக்கு வாய்ச்சது அந்த 'அ' மாதிரி ஒரு ஆள். உங்களுக்கு அந்தத் தலைவலி இல்ல. ஐம்பத்தாறு போட்டேன் அத்தை. லேட்டுக்குப் பத்து போச்சு. நாப்பத்தாறு."

சுற்றிச் சுற்றிச் சுப்பர் கொல்லைக்கே வந்து நின்றது.

"ஃபெயிலா?"

"என்ன பண்றது? எனக்கே மனசு கேக்கல. ஆனா விதி விதிதான்."

மாமியார் துண்டைக் கீழே வைத்தார். வரவேற்பு மேசை முகத்தையும் கழற்றி வைத்தார்.

"விலக்கு இருக்கேம்மா, பன்னெண்டாம் பக்கத்துல. வீட்ல மருத்துவ அவசரம்."

"அதுக்குக் காரணம் எழுதி யாராவது கையெழுத்து... " மருமகள் நிறுத்தினாள். "பன்னெண்டாம் பக்கம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ எழுதினதுல எனக்குத் தெரியாத பக்கம் எது? அந்த நாப்பத்தொண்ணு நான்தான்."

உள்ளே வந்துகொண்டிருந்த மகன் வந்த வழியே பால்கனிக்குத் திரும்பினான்.

மருமகளின் மண்டையில் ஒவ்வொன்றாக ஏறியது. "கழுதைன்னு சொன்னேனே அத்தை..."

"ரெண்டு தடவை."

"வக்கீலுன்னு..."

"அது பரவால்ல, மரியாதையாத்தான் இருந்துச்சு."

"அப்போ..." மருமகள் ஃபிரிட்ஜைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்போ அந்த 'அ'?"

மாமியார் கீழே வைத்த துண்டை மறுபடி கையில் எடுத்தார்.

"மருந்துக்கடையான்னு நானே கேட்டேனே!" மருமகளுக்குச் சிரிப்பும் கோபமும் முட்டி மோதி, கடைசியில் அழுகையாகத்தான் வெளியே வந்தது. "ஏன் அத்தை, அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தனியா இருந்திருப்பேனே. நீங்க போய் அனுப்பியிருக்கலாமே. இத்தனை வருஷப் படிப்பு!"

"நீதான் கையையே விடலையேம்மா."

மருமகள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு அவளுக்குள் இருந்த ஆசிரியை திரும்பி வந்தாள். "நான் உங்களுக்கு மார்க் போடக் கூடாது, தெரியும்ல? மேல சொல்லியே ஆகணும்."

"சொல்லு. பதிமூணாம் பக்கம். கட்டுரை வந்த பிறகு உறவு தெரியவந்தா, இன்னொருத்தர் முதல்லேர்ந்து திருத்தணும், அவர் போடுறதுதான் முடிவு."

"அந்த இன்னொருத்தர் யாருன்னு தெரியுமா? கத்தரி!"

துறைத் தலைவருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அவர் கையில் போன தாள் முழுசாகத் திரும்பியதாகச் சரித்திரம் கிடையாது. ஆனால் வேறு வழியும் கிடையாது. மருமகள் நடந்ததை நடந்தபடி அவருக்கு எழுதினாள். பிறகு தாமதச் சான்றை எடுத்தாள். ஈ காக்காய்க்குக் கூடக் கொடுக்காத விலக்குக்கு அவளே காரணம் எழுதி, அவளே கையெழுத்துப் போட வேண்டும். நெடுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். எழுதியதை மாமியாருக்குக் காட்டாமலே அனுப்பிவிட்டாள்.

பதில் வரும்வரை வீட்டில் யாரும் யாருடைய பாத்திரத்தையும் திரும்பக் கழுவவில்லை. செடிக்கு வெறும் தண்ணீர் மட்டுமே கிடைத்தது. மாமியாருக்குச் சோறு இறங்கவில்லை. பருவம் முடிய இரண்டே நாள் இருந்தபோது கத்தரியின் பதில் வந்தது. மருமகள் நொண்டிக்கொண்டே ஓடிவந்தாள்.

"ஐம்பத்தொண்ணு! லேட் மன்னிப்பு! அத்தை, நீங்க பட்டதாரி!"

மாமியார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மகன் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, சண்டை இல்லை என்று உறுதி செய்துகொண்டு உள்ளே வந்தான்.

"நீ போட்ட மாதிரி ஐம்பத்தாறு இல்லையா? அஞ்சு வெட்டிட்டானே கத்தரி," என்றார் மாமியார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "காரணம் எதாவது எழுதியிருக்கானா?"

மருமகள் ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு படித்தாள்.

"'தாமதச் சான்றில், மாணவர் நேரத்துக்குக் கட்டுரையை அனுப்ப முடியாததற்குக் காரணம், வலியில் நான் அவர் கையை விடவில்லை, அவரும் விடுவித்துக்கொள்ளவில்லை என்று எழுதப்பட்டுள்ளது. சான்று எழுதியவர்தான் கட்டுரையில் வரும் 'அ' என்று ஊகிக்கிறேன். இந்த ஒரு வரி கட்டுரையில் இருந்திருந்தால் இன்னும் பத்து மதிப்பெண் போட்டிருப்பேன்.'"

"பத்து மார்க்கா!" என்றார் மாமியார். "அத எழுத எனக்குத் தோணலையே."

"எழுத நேரம் எங்க இருந்துச்சு அத்தை?" என்று மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.